கூட ஓட்டுபவரின் கண்: உடம்புக்குச் சைக்கிளைப் பொருத்துவது

சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தன் முதுகு தெரியாது. இடுப்பு இடமும் வலமுமாக ஆடுவதும், முழங்கால் வெளியே விரிவதும், தோள்பட்டை காதுவரை ஏறி இறுகியிருப்பதும் அவர் கண்ணில் படாது. பின்னால் வருகிறவருக்கு முதல் நூறு அடியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அதனால் சைக்கிளை உடம்புக்குப் பொருத்தும் வேலை பாதி கடையில் நடக்கிறது, மீதிப் பாதி சாலையில் நடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், மீமிசலிலிருந்து கோட்டைப்பட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பேர் சேர்ந்து மிதித்தால், பேச்சு எப்படியும் இங்கே வந்து சேரும்:

"என்ன தம்பி, குந்திக்கிட்டே ஓட்டுற? சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்து."

"ஏத்துனா தரையில கால் எட்டாதுண்ணே."

"தரை எட்டலைன்னாப் போவுது. பெடல் சரியா எட்டுதான்னு பாரு."

இந்த மூன்று வரியில் இருப்பது முழு அறிவியல். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் இத்தகைய பேச்சை எப்படிக் கேட்டுக்கொள்வது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது, நம் வண்டியில் எப்படிச் செய்து முடிப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. ஸ்பேனர், அளவுநாடா, ஒரு நூல், ஒரு துணை ஆள். இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் வேலையைக் கேளுங்கள்

சைக்கிள் கடையில் எடுத்தவுடன் உயரத்தைக் கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டியில் எதை ஏற்றப் போகிறேன், எங்கே போகப் போகிறேன்?

இந்தக் கேள்வியின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் முப்பது வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். படிக்க வந்த பெண்களும், பாடம் சொல்லிக்கொடுத்த தொண்டர்களும், கல்குவாரித் தொழிலாளிகளும், கிராமச் செவிலியர்களும் ஓட்டப் பழகினார்கள். பழகியவர்கள் மற்றவர்களுக்குப் பழக்கினார்கள். இதை நேரில் வந்து பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பதிவு செய்திருக்கிறார். 1996-ல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது.

அதில் நம் அத்தியாயத்துக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெண்களில் பலர் லேடீஸ் சைக்கிளைத் தேடிப் போகவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். ஏறி இறங்குவது கஷ்டம் என்று தெரிந்தும், வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்பதை முதலில் பார்த்தார்கள். ஏறுவதற்கு இடது காலைப் பெடலில் ஊன்றி, வண்டியை உருட்டியபடியே தாவி ஏறும் முறை உண்டு. வாழ்க்கைக்கு ஏற்ற வண்டி முதலில், உடம்புக்கு ஏற்ற திருத்தம் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

மீமிசலில் இந்த வரிசையை இப்படிப் பார்க்கலாம். கடற்கரைக் கிராமங்களிலிருந்து மீன் ஏற்றி உள்ளூர்களுக்குப் போகிறவருக்குக் கனமான இரும்புக் கேரியரும் டபுள் ஸ்டாண்டும் உள்ள பெரிய வண்டிதான் வேண்டும். இறால் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர் மண் வரப்பில் ஓட்ட வேண்டும், அவருக்கு அகலமான டயர். பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு முன்கூடையும் செயின் கவரும். நாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஒரே மூச்சில் போக நினைப்பவருக்கு எடை குறைந்த கியர் வண்டி. நான்கு பேரும் ஒரே உயரமாக இருக்கலாம். நான்கு வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது.

சீட் உயரம்: எல்லாவற்றுக்கும் அடிப்படை

இரண்டு விரற்கடைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 44 பல் செயின் வீலும் 18 பல் ஃப்ரீ வீலும் உள்ள பெரிய சைக்கிள், பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். 10 கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு முழங்காலும் 1,800 தடவைக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. போய்த் திரும்பினால் 3,600. சீட் தாழ்வாக இருந்து முழங்கால் கூடுதலாக மடங்கினால், அந்த அழுத்தம் ஒரு நாளில் அத்தனை தடவை விழுகிறது. மாலையில் மாடிப்படி ஏறும்போது முழங்கால் முன்புறம் வலிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரியான உயரம் காண இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்கு அளவுநாடா வேண்டாம். வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, துணை ஆள் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நீண்டு, குதிகால் பெடலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இப்போது முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். 25 முதல் 35 பாகை வரை மடங்குவது நல்ல அளவு. சோதனையின்போது தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டிருங்கள்.

இரண்டாம் வழி கணக்கு. சுவரில் முதுகு ஒட்டி, வெறுங்காலோடு நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேலேறும் வரை உயர்த்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை உள்ள நீளமே உங்கள் உள்கால் அளவு. அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கட்டைகள் சுற்றும் பி.பி. அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம் வரும். 70 சென்டிமீட்டர் உள்கால் என்றால் 61.8, 75 என்றால் 66.2, 80 என்றால் 70.6. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமான்ட் பரப்பிய கணக்கு இது. பந்தயக்காரர்களுக்கு உருவானது என்பதால், அடிக்கடி நிறுத்தி இறங்குகிறவர்கள் இதிலிருந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம். சுமையோடு ஓட்டுகிறவர்கள் கட்டாயம் குறைக்க வேண்டும்.

அளந்து முடித்ததும் சாலையில் சோதியுங்கள். துணை ஆள் பின்னால் ஓட்டி வரட்டும். உங்கள் இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் இடவலமாக ஆடினால் சீட் அதிகம் ஏறிவிட்டது. அரை சென்டிமீட்டர் இறக்கி மறுபடி பாருங்கள். ஒரே நாளில் பெரிதாக மாற்றாதீர்கள். பல வருடம் தாழ்ந்த சீட்டில் ஓட்டியவர் வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் ஏற்றினால் உடம்பு பழகிக்கொள்ளும்.

சீட் பில்லரை ஏற்றும்போது அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத பழைய பில்லர் என்றால், குறைந்தது இரண்டரை அங்குலம் பிரேமுக்குள் இருக்கட்டும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் நீளமான பில்லர் வாங்குங்கள். விலை அதிகமில்லை, உடைந்தால் வரும் காயம் பெரிது.

ஒரே சைக்கிளை வீட்டில் மூன்று பேர் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் சரியான உயரத்தைக் கண்டு, சீட் பில்லரில் நகப்பூச்சால் மூன்று நிறத்தில் மூன்று கோடு போட்டுவிடுங்கள். போல்ட்டும் நட்டும் இருக்கும் இடத்தில் கையால் திருகும் பிடி மாட்டினால் ஸ்பேனர்கூட வேண்டாம். அரசு தரும் விலையில்லா சைக்கிளும் இப்படித்தான். பிளஸ் ஒன் வகுப்பில் நாலே முக்கால் அடி மாணவியும் ஐந்தரை அடி மாணவியும் ஒரே மாதிரி வண்டியைத்தான் வாங்கி வருகிறார்கள். வண்டி வந்த அன்றே சீட்டையும் ஹேண்டிலையும் திருத்திக் கொடுப்பது பெற்றோரின் வேலை. முடிந்தால் அன்று ஓர் ஆசிரியர் பள்ளி வாசலில் நின்று பார்த்துத் திருத்தட்டும். பத்து நிமிட வேலை, இரண்டு வருடத்துக்குப் பயன்.

கால் எட்டாத பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். சமநிலை பழக அது அருமையான வழி. ஆனால் ஒரு பக்கமாகவே உடம்பு வளைந்து ஓட்டுவதால், பழகிய பிறகு தினமும் பள்ளிக்குப் போக அது ஆகாது. சின்ன வண்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சீட்டின் சாய்வும் ஹேண்டிலின் உயரமும்

சீட் மட்டமாக இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடை நடுவில் அழுத்தம் விழுந்து மரத்துப்போகும். ஆண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். மரத்துப்போவது நரம்பும் இரத்த ஓட்டமும் நெருக்கப்படுவதன் அறிகுறி. மூக்கை ஒரு நூல் அளவு இறக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள். மூக்கு கீழே அதிகம் சாய்ந்தால் உடம்பு முன்னே வழுக்கி, பாரம் முழுதும் உள்ளங்கையில் ஏறும்.

சீட் முன்னா பின்னா என்று பார்க்கத்தான் நூல். பெடல் கட்டைகள் தரைக்கு இணையாக நிற்கட்டும். முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து நுனியில் நட்டு கட்டிய நூலைத் துணை ஆள் தொங்கவிடட்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு இருந்தால் இன்னும் நல்லது. நூல் பெடல் அச்சின் மேல் விழுந்தால் தொடக்கத்துக்குச் சரி. அதிகம் முன்னே விழுந்தால் சீட்டைப் பின்னே தள்ளுங்கள். பின்னே விழுந்தால் முன்னே.

தினசரி ஓட்டத்துக்கு ஹேண்டில் சீட்டின் மட்டத்திலோ இரண்டு மூன்று விரற்கடை மேலேயோ இருக்கலாம். முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்த கையோடு ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேரே கழுத்துக்குப் போகும். பெரிய சைக்கிளில் ஹேண்டில் தண்டின் மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால் உள்ளிருக்கும் பிடி விடும். கம்பி பிரேக் உள்ள வண்டியில் ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் கம்பியையும் திரும்ப அளவு வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

வலி சொல்லும் இடம்

கடை வாசலிலும் டீக்கடையிலும் அதிகம் கேட்கும் புகார்களும், முதலில் பார்க்க வேண்டிய இடங்களும்:

முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது அதிகம் முன்னே இருக்கிறது. ஏற்றுங்கள், அல்லது பின்னே தள்ளுங்கள்.

முழங்காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் சீட் உயரம் அதிகம். இறக்குங்கள்.

உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்தால் ஹேண்டில் தாழ்வு, அல்லது சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது. பிடியை அடிக்கடி மாற்றிப் பிடியுங்கள்.

கழுத்தும் தோளும் வலித்தால் ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

பாதம் எரிந்தால் நடுப்பாதத்தால் மிதிக்கிறீர்கள், அல்லது செருப்பு மெலிது.

ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் அந்தப் பக்கத்துப் பெடல் வளைந்திருக்கிறதா, கிராங்க் பின் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். வண்டியின் கோளாறை உடம்பு சுமக்கிறது.

திருத்திய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், அல்லது முழங்கால் வீங்கினால், மருத்துவரிடம் போங்கள். ஸ்பேனரால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது.

சுமை ஏற்றினால்

"அண்ணே, பெட்டி கட்டினதும் முன்சக்கரம் ஆடுதே?"

"பெட்டி பின்னாடி தள்ளி உக்காந்திருக்கு. முன்னாடி இழுத்துக் கட்டு."

சுமையின் நடுப்பகுதி பின்சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ இருக்க வேண்டும். பின்னே தள்ளினால் முன்சக்கரம் லேசாகி, திருப்பும்போது கைவிட்டுப் போகும். பழைய டியூபைக் கிழித்த ரப்பர் வாரால் இழுத்துக் கட்டினால் ஐஸ் பெட்டி அசையாது. கயிறு தளரும். ரப்பர் இறுக்கத்தை விடாது. பின்டயரில் கூடுதல் காற்று வையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது.

பிள்ளையை ஏற்றுகிறவர்கள் பாரில் குழந்தை சீட் மாட்டிவிடுங்கள். கால் வைக்க இரண்டு பக்கமும் தாங்கி இருக்கட்டும். பின்னால் உட்காரும் பிள்ளையின் கால் ஸ்போக்கில் சிக்குவது அடிக்கடி நடக்கும் விபத்து. சக்கரத்தின் மேல்பாதியை வலையாலோ தகட்டாலோ மூடினால் அதைப் பெருமளவு தடுக்கலாம். சேலையும் துப்பட்டாவும் சிக்காமல் காப்பதும் அதே மூடிதான்.

காற்றும் உப்பும்

மீமிசல் பக்கம் மேடு கிடையாது. இங்கே மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. காற்றின் எதிர்ப்பு, எதிர்த்து வரும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால் நான்கு மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். அதனால் எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரியான வேகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்குகிறதா? குறையுங்கள். கருவி எதுவும் இல்லாமல் வேகத்தை அளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனி, ஆடியில் மேல்காற்று. ஆவுடையார்கோயில் பக்கம் காலையில் போகிறவருக்கு அது முகத்தில் அடிக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் திரும்பும்போதும் எதிர்க்காற்றாகும். அந்த மாதங்களில் விடியுமுன் கிளம்பி, முற்பகலிலேயே திரும்பிவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடை. கோட்டைப்பட்டினம் பக்கம் போவது கடினமாகும், தொண்டி பக்கம் போவது லேசாகும். இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக ஓட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பின்னால் வருபவருக்குப் பாரம் நன்றாகக் குறையும்.

கடற்காற்றின் உப்பு வண்டியை அரிக்கும். பொருத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சீட் பில்லர் பிரேமுக்குள் துருப்பிடித்துச் சிக்கிவிட்டால் அப்புறம் எந்த உயரமும் மாற்ற முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லரைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். ஹேண்டில் தண்டுக்கும் அப்படியே. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, செயினைத் துணியால் துடைத்து மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அழுத்தினால் செயின் அரை அங்குலம் தொய்ய வேண்டும்.

நெடுந்தூரம் போகிறவர்களிடம் கேட்க வேண்டியது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் பை கட்டிய வண்டியுமாக ராமேஸ்வரம் நோக்கிப் போகிறவர்கள் மீமிசலில் டீக்கு நிற்பதுண்டு. அவர்களோடு பேசுங்கள். பிரெவே என்ற பெயரில் உலகெங்கும் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர். நம் ஊர் மீன் வியாபாரி ஓட்டும் வேகம்தான். அந்த ஓட்டக்காரர்கள் நமக்குக் கற்றுத் தருவது ஒன்று: 10 கிலோமீட்டரில் உறுத்தலாகத் தெரிவது 100 கிலோமீட்டரில் காயமாகும். அதனால் அவர்கள் சின்ன உறுத்தலையும் உடனே இறங்கித் திருத்துகிறார்கள். அவர்களும் நம்மிடம் கேட்டுக்கொள்ள நிறைய உண்டு. இந்தச் சாலையில் எந்த மாதத்தில் எந்தக் காற்று, எங்கே நல்ல தண்ணீர், இருட்டிய பிறகு எந்தத் திருப்பத்தில் மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

இருவராகச் செய்யுங்கள். காலை வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் போதும். முதலில் குதிகால் சோதனை, பிறகு சீட்டின் மட்டம், பிறகு நூல், கடைசியாக ஹேண்டில். இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் சீட் நகர்ந்தால் ஹேண்டிலின் தூரமும் நகரும். எல்லா நட்டையும் இறுக்கி, பிரேக்கைச் சோதித்து, சாலையில் ஒரு கிலோமீட்டர் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுங்கள். பின்னால் வருபவர் இடுப்பையும் முழங்காலையும் தோளையும் பார்த்துச் சொல்லட்டும். பிறகு இடம் மாறுங்கள். இரண்டு வண்டியின் சீட் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகோ, பிள்ளைகள் ஓட்டிய பிறகோ சீட் இறங்கியிருந்தால் அந்த எண்ணை வைத்து ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அடுத்த ஞாயிறு, உங்கள் தெருவில் குந்தியபடி ஓட்டிப் போகும் ஒருவரை அழைத்து அவர் சீட்டை ஏற்றிக் கொடுங்கள்.